பழைய இரட்டைக்குழல் துப்பாக்கியா, புதுசா? அந்தியூர்த் தோட்டத்துக்கு ஒரு யோசனை வேண்டும்

அடிவாரத்தான்:

வணக்கங்க. அந்தியூரிலிருந்து பர்கூர் மலைக்குப் போகும் வழியில் எங்கள் தோட்டம். மஞ்சள், மக்காச்சோளம், கொஞ்சம் தென்னை. சாளையில், அதாவது தோட்டத்து வீட்டில், அப்பாவும் அம்மாவும் மட்டும்தான். கூப்பிடு தூரத்தில் வேறு வீடு கிடையாது. 2025-ல் சிவகிரிப் பக்கம் தோட்டத்து வீட்டில் தனியாக இருந்த வயதான தம்பதியைக் கொன்றார்கள் அல்லவா, அதற்குப் பிறகு அம்மாவுக்கு ராத்திரியில் தூக்கம் இல்லை. அப்போதுதான் நான் உரிமத்துக்கு மனு கொடுத்தேன். போலீஸ் விசாரணை, பயிற்சிச் சான்றிதழ் எல்லாம் முடிந்து 12 போர் துப்பாக்கிக்கு என் பெயரில் உரிமம் வந்துவிட்டது. வாங்குவதற்குக் கெடுவும் போட்டிருக்கிறார்கள்.

காங்கயம் பக்கம் எங்களுக்குத் தெரிந்த குடும்பத்தில் பெரியவர் தவறிவிட்டார். அவருடைய இரட்டைக்குழல் ஒன்று, இங்கிலாந்தில் பர்மிங்காமில் செய்தது, கோயமுத்தூரில் டீலரிடம் டெபாசிட்டில் கிடக்கிறது. அருமையான வேலைப்பாடு, கையில் எடுத்தால் கனமே தெரியவில்லை. அதே கடையில் உள்நாட்டில் செய்த புது இரட்டைக்குழலும் இருக்கிறது. பழசுக்குச் சொல்லும் விலை புதுசைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. பழசு என்றால் மலிவாகத்தானே இருக்க வேண்டும்? எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நொய்யல்கரை:

விலைக்குக் காரணம் இறக்குமதித் தடை. 1980-களின் நடுவிலிருந்து தனி ஆள் வெளிநாட்டுத் துப்பாக்கியை வரவழைக்க முடியாது. பெயர்பெற்ற போட்டி வீரர்களுக்கு மட்டும்தான் விலக்கு. அதற்கு முன்னால் நாட்டுக்குள் வந்ததுதான் சரக்கு. புதிதாக வர வழியில்லை, கேட்பவர்களோ குறையவில்லை. அதனால் இங்கிலாந்து, பெல்ஜியம் என்று குழலில் எழுதியிருந்தாலே விலை ஏறிவிடும். நல்லதா கெட்டதா என்று பார்த்து வைத்த விலை இல்லை அது, பெயருக்கு வைத்த விலை. அதை மனதில் வைத்துக்கொண்டு பேரம் பேசுங்கள்.

சத்திக்காரன்:

நான் பழசுக்குத்தான் ஓட்டுப் போடுவேன். எங்கள் அப்பாரு வைத்திருந்தது இன்றைக்கும் மாமா வீட்டில் இருக்கிறது. மடக்கி மூடினால் "டப்" என்று ஒரே சத்தம், ஒரு ஆட்டம் கிடையாது. இப்போது வருகிற புதுசைக் கையில் எடுத்துப் பாருங்கள். கட்டைக்கும் இரும்புக்கும் நடுவில் நகம் நுழையும் இடைவெளி, விசையை இழுக்கக் கை வலிக்கும். துப்பாக்கி என்பது தலைமுறைப் பொருள். ஒருமுறை வாங்குவதை நல்லதாக வாங்குங்கள்.

அப்புறம், பன்றித் தொல்லைக்கும் ஆகும். எங்கள் பக்கம் மக்காச்சோளத்தில் பாதி அதற்கே போகிறது.

ஓய்வு ஆர்மரர்:

தம்பி சத்திக்காரன், பன்றி பற்றிச் சொன்னதை முதலில் விட்டுவிடுங்கள். காட்டுப்பன்றி வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-ல் அடங்கும். 2022 திருத்தத்துக்குப் பிறகு அது இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. 2025 தொடக்கத்தில் தமிழ்நாடு அரசு வழி விட்டதும் வனத்துறைக்குத்தான். காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வருவதை அவர்கள் சுடலாம். 1 கிலோமீட்டருக்குள் சுடவே கூடாது, இடைப்பட்ட இடத்தில் பிடித்துக் காட்டில் விட வேண்டும். விவசாயி தன் துப்பாக்கியை எடுத்துப் போய்ச் சுட அதில் இடமே இல்லை. தற்காப்புக்கு வாங்கிய உரிமம் பன்றியில் போய் முடிந்தால் உரிமமும் போகும், வழக்கும் வரும். அந்தியூர்க்காரர் பர்கூர் மலை ஓரத்தில் இருக்கிறார், அவருக்கு இது இன்னும் முக்கியம்.

இனி கேள்விக்கு வருகிறேன். ஆயுதப்படையில் துப்பாக்கி பழுது பார்த்தே காலம் போனவன் நான். பழசு நல்லதா புதுசு நல்லதா என்று பொதுவாகக் கேட்டால் பதில் கிடையாது. அந்தக் குறிப்பிட்ட துப்பாக்கியின் சேம்பர், அதாவது குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் இடம், எத்தனை நீளம் என்று கேளுங்கள், அங்கிருந்து பேச்சைத் தொடங்கலாம்.

பழைய இங்கிலாந்துத் துப்பாக்கிகளில் பெரும்பாலானவை இரண்டரை அங்குலத் தோட்டாவுக்குச் செய்தவை. நம் ஊரில் 65 மில்லிமீட்டர் என்பார்கள். இப்போது கடையில் சாதாரணமாகக் கிடைப்பது 70 மில்லிமீட்டர், அதாவது இரண்டே முக்கால் அங்குலம். ஆபத்து எங்கே என்றால், 70 தோட்டா 65 சேம்பருக்குள் அழகாகப் போய் உட்கார்ந்துவிடும். துப்பாக்கியும் பூட்டிக்கொள்ளும். ஏனென்றால் அந்த 70 என்பது சுட்ட பிறகு வாய் விரிந்த நிலையில் உள்ள நீளம். சுடாத தோட்டாவின் வாய் மடித்திருப்பதால் நீளம் குறைவு. சுடும்போது அந்த மடிப்பு முன்னால் விரிகிறது. விரிய இடம் இல்லாவிட்டால் சேம்பர் குறுகும் இடத்தில் போய் மாட்டி வழியை அடைக்கிறது. அழுத்தம் எகிறும். எல்லாத் தடவையும் வெடிக்காது, அதுதான் வினை. பத்துத் தோட்டா சுட்டேன், ஒன்றும் ஆகவில்லையே என்று ஆட்கள் நம்பிவிடுவார்கள். ஒவ்வொரு தடவையும் இணைப்பு தளர்ந்துகொண்டே வரும்.

அடிவாரத்தான்:

ஐயா, இது எனக்குத் தெரியவே தெரியாது. டீலரும் சொல்லவில்லை. சேம்பர் நீளத்தை நானே பார்க்க முடியுமா?

ஓய்வு ஆர்மரர்:

ஓரளவு முடியும். கடைக்காரர் முன்னிலையிலேயே செய்யுங்கள். முதலில் மடக்கித் திறந்து இரண்டு குழலும் காலி என்று கண்ணால் பாருங்கள், விரலாலும் தடவிப் பாருங்கள். அவர் "காலிதான்" என்று சொன்னாலும் பாருங்கள். யார் கையிலிருந்து வாங்கினாலும் இதுதான் முதல் வேலை.

முன்கட்டையைக் கழற்றி, குழலைத் தனியாக எடுத்துத் திருப்புங்கள். அடியில் தட்டையான பகுதியில் சின்னச் சின்ன முத்திரைகள் இருக்கும். அதுதான் அந்தத் துப்பாக்கியின் ஜாதகம். பர்மிங்காமில் 1813-லிருந்து ப்ரூஃப் ஹவுஸ் இருக்கிறது. அதிகப்படி வெடிமருந்து போட்டுச் சுட்டுப் பார்த்து, தாங்கினால்தான் முத்திரை குத்துவார்கள். 1954-க்குப் பிறகு சோதித்ததில் கிரீடத்தின் கீழே பி.என்.பி. என்று இருக்கும். அதற்கு முந்தியதில் நைட்ரோ ப்ரூஃப் என்று எழுதியிருக்கும். பக்கத்தில் சேம்பர் நீளமும் பெரும்பாலும் இருக்கும். நைட்ரோ என்றால் இன்றைய தோட்டாவில் இருக்கும் புகையில்லா மருந்து. அந்த முத்திரையே இல்லையா? கரிமருந்துக் காலத்துப் பொருள். குழலில் சுருள் சுருளாக அலை ஓடினால் அது டமாஸ்கஸ் குழல். சுவரில் மாட்டி அழகு பார்க்கலாம், இன்றைய தோட்டாவைப் போடாதீர்கள்.

ஆனால் முத்திரையை மட்டும் நம்பியும் வாங்கக் கூடாது. இடையில் யாராவது சேம்பரை நீளமாகக் கடைந்திருக்கலாம், குழலின் உள்ளே தேய்த்து மெருகேற்றியிருக்கலாம். அளவுக் கருவி வைத்திருக்கும் மெக்கானிக்கிடம் அளக்கச் சொல்லுங்கள். குழல் சுவரின் கனம் எந்த இடத்திலும் அரை மில்லிமீட்டருக்குக் கீழே போகக் கூடாது.

பொள்ளாச்சி தென்னை:

ஐயா சொல்வதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் இருந்த துப்பாக்கிக்கு வருஷக்கணக்கில் தேங்காய் எண்ணெய் போட்டு வைத்திருந்தார்கள். அது உள்ளே பிசினாக இறுகி, தோட்டாவைத் தட்டும் ஊசி ஒரு பக்கத்தில் முன்னால் போவதே இல்லை. தோல் உறையிலேயே வைத்திருந்ததால் அடிப்பக்கம் முழுக்கத் துரு. மேலே பார்த்தால் பளபளவென்று இருக்கும். எங்கள் பக்கத்து மழைக்குத் தோல் உறை ஆகவே ஆகாது, தோல் ஈரத்தை இழுத்து இரும்புக்குக் கொடுத்துவிடும். பழசு வாங்கினால் அதை எந்த உறையில், எந்த எண்ணெயில் வைத்திருந்தார்கள் என்று கேளுங்கள்.

ஓய்வு ஆர்மரர்:

நல்ல கேள்வி, நானே சொல்லியிருக்க வேண்டியது. குழலை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து உள்ளே பாருங்கள். நிழல் வட்டங்கள் ஒன்றுக்குள் ஒன்றாக, உடையாமல் தெரிய வேண்டும். எங்காவது வட்டம் கோணினால் அங்கே நசுங்கல். ஒரு கருவளையம் தனியாகத் தெரிந்தால் அந்த இடத்தில் குழல் உப்பியிருக்கிறது. எப்போதோ துணியோ மண்ணோ அடைத்திருக்கும்போது சுட்டிருப்பார்கள். நசுங்கலைச் சரிசெய்ய ஆள் உண்டு. உப்பல் என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

அடுத்து, குழலின் கொக்கியில் விரலைக் கொடுத்துத் தொங்கவிட்டு, நகத்தால் ஒரு சுண்டு சுண்டுங்கள். இரண்டு குழலையும் நடுப்பட்டையையும் ஈயப்பற்று வைத்துத்தான் சேர்த்திருப்பார்கள். பற்று நன்றாக இருந்தால் கோயில் மணி மாதிரி நின்று ஒலிக்கும். மொத்தென்று கேட்டால் எங்கோ விட்டிருக்கிறது, உள்ளே ஈரம் இறங்கியிருக்கும்.

பிறகு முன்கட்டை இல்லாமல் குழலை மாட்டிப் பூட்டுங்கள். பின்கட்டையைப் பிடித்து மெதுவாக ஆட்டுங்கள். கடகடவென்றால் பூட்டு தேய்ந்துவிட்டது. கட்டையின் கழுத்து, அதாவது கை பிடிக்கும் ஒல்லியான இடம், அங்கே மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று நகத்தால் தடவுங்கள். பாலிஷ் போட்டு மறைப்பது அந்த இடத்தில்தான்.

நொய்யல்கரை:

இரும்பு ஒரு பக்கம், காகிதம் இன்னொரு பக்கம். என் அனுபவத்தில் பழசு வாங்குபவர்கள் மாட்டிக்கொள்வது இரண்டாவதில்தான்.

ஆயுதச் சட்டம் 1959, 8-ஆம் பிரிவின்படி செய்தவர் பெயரும் எண்ணும் இல்லாத துப்பாக்கியை விற்கவே முடியாது. குழல், நடு இரும்பு, முன்கட்டை மூன்றிலும் எண் இருக்கிறதா, ஒன்றோடொன்று ஒத்துப்போகிறதா, பெரியவரின் உரிமத்தில் எழுதியிருப்பதும் அதே எண்தானா என்று ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். பழைய உரிமப் புத்தகங்களில் கையால் எழுதியது, 3-க்கும் 8-க்கும் வித்தியாசம் தெரியாது. ஓர் எண் பிசகினால் உங்கள் உரிமத்தில் ஏற்றும்போது கோப்பு நின்றுவிடும்.

பெரியவர் தவறியதும் டெபாசிட் செய்தது சரி, 21-ஆம் பிரிவு அதைத்தான் சொல்கிறது. வாரிசுகள் உரிமம் வாங்கித் திரும்ப எடுக்கலாம், இல்லாவிட்டால் உரிமம் உள்ளவருக்கு விற்கலாம். ஆனால் அதற்கும் கெடு உண்டு. கெடு தாண்டினால் மாவட்ட நிர்வாகம் உத்தரவு போட்டு அரசு எடுத்துக்கொள்ளும். எந்தத் தேதியில் டெபாசிட் ஆனது, ரசீது யார் பெயரில், வாரிசு எத்தனை பேர், எல்லோரும் கையெழுத்துப் போடுவார்களா என்று முதலில் கேளுங்கள். ஒரு அண்ணன் தம்பி சண்டை போதும், துப்பாக்கி கடைப் பெட்டியிலேயே துருப்பிடித்துப் போகும்.

காங்கேயத்தான்:

நான் இதை வேறு மாதிரி பார்க்கிறேன். அந்தக் குடும்பம் ஏன் விற்கிறது? பேரன்களில் ஒருவராவது உரிமம் கேட்டு மனுக் கொடுக்கலாமே. ஆயுத விதிகள் 2016-ல் வாரிசுக்கென்று தனி வழி இருக்கிறது. உரிமதாரர் உயிரோடு இருக்கும்போதே, 70 வயது ஆனாலோ 25 வருஷம் துப்பாக்கி வைத்திருந்தாலோ, வாரிசுக்கு மாற்ற விண்ணப்பிக்கலாம். இது தெரியாமல் எங்கள் பக்கம் எத்தனையோ நல்ல துப்பாக்கிகள் கை மாறி வடக்கே போய்விட்டன. ஒரு பெரிய கைவினைஞன் அரம் போட்டுச் செய்த பொருள் அது. தெரிந்த குடும்பத்துக்குள் இருப்பதே நல்லது. அடிவாரத்தான் வாங்கினாலும் சந்தோஷம்தான், அவர் வைத்துக் காப்பாற்றுவார்.

சத்திக்காரன்:

பன்றி விஷயத்தில் ஐயா சொன்னது சரி, எடுத்துக்கொள்கிறேன். ஆனாலும் பழசுதான். காங்கேயத்தான் அண்ணன் சொன்னது என் மனதில் இருந்தது.

பொள்ளாச்சி தென்னை:

காப்பாற்றுவது என்றீர்களே, அங்கேதான் எனக்குக் கவலை. ஒவ்வொரு தேர்தலுக்கும் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்வார்கள். நாடாளுமன்றம், சட்டமன்றம், உள்ளாட்சி. எங்களுடையதைத் திரும்ப வாங்கியபோது கட்டையில் விரல் நீளத்துக்குக் கீறல், குழலில் ஈரம் கோத்த தடம். யாரைக் குறை சொல்ல? ஒரு அறையில் இத்தனை துப்பாக்கிகளைச் சேர்த்து வைத்தால் அப்படித்தான். அரிய பொருளுக்கு இரண்டு மடங்கு விலை கொடுத்துவிட்டு அந்த அறையில் விட மனம் வருமா என்று யோசியுங்கள். தோட்டத்துக்குக் காவலாக வைப்பது அடிபடும், மழை படும், நடுராத்திரியில் அவசரமாக எடுக்கப்படும்.

பத்துமீட்டர்:

இடையில் நுழைவதற்கு மன்னியுங்கள், எனக்கும் இதே குழப்பம், வேறு பொருளில். மகள் 10 மீட்டர் ஏர் ரைபிள் பழகுகிறாள். கோவையில் ஒரு மூத்த வீராங்கனை தன் ஜெர்மன் ரைபிளை விற்கிறார், விலை புதுசில் பாதிக்கும் குறைவு. வாங்கலாமா?

ஓய்வு ஆர்மரர்:

அம்மா, போட்டி ஏர் ரைபிளில் பழசு தாராளமாக வாங்கலாம், குழல் லேசில் தேயாது. குழல் 0.177 அங்குலம், சுடும் ஆற்றல் 20 ஜூலுக்குள் என்பதால் துப்பாக்கி உரிமமும் தேவையில்லை. காற்று சிலிண்டரை மட்டும் பாருங்கள். அதில் தயாரித்த மாதமும் வருஷமும் பொறித்திருக்கும். 10 வருஷம் ஆனால் மாற்றச் சொல்லித் தயாரிப்பாளரே சொல்கிறார். 200 பார் அழுத்தம் குழந்தையின் கன்னத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது, அதில் சிக்கனம் வேண்டாம். புது சிலிண்டர் விலையைக் கழித்துக்கொண்டு பேசுங்கள். கட்டையின் நீளம் மகளுக்கு ஏற்றபடி அமைகிறதா என்று அவள் பயிற்சியாளரை வைத்துப் பாருங்கள்.

அடிவாரத்தான்:

எல்லோருக்கும் நன்றிங்க. நேற்றுக் கோயமுத்தூர் போய் வந்தேன். ஐயா சொன்னபடி குழலைக் கழற்றிப் பார்க்கக் கேட்டேன். டீலர் முகம் சுளிக்கவில்லை, அவரே விளக்கைக் கொண்டுவந்து பிடித்தார். கிரீடம், கீழே பி.என்.பி., பக்கத்தில் இரண்டரை அங்குலம் என்று தெளிவாக இருந்தது. வலது குழல் கண்ணாடி. இடது குழலில் சேம்பருக்குச் சற்று முன்னால் அம்மைத் தழும்பு போலக் குழிகள், விரல் அகலத்துக்கு. சுண்டினால் நல்ல ஒலி. பூட்டில் ஆட்டம் இல்லை. வாரிசு நான்கு பேர், ஒருவர் வெளிநாட்டில்.

65 தோட்டாவும் கிடைக்கிறதே, அதையே வாங்கி வைத்தால் போதாதா என்று டீலர் கேட்கிறார். அதுவும் நியாயமாகத்தான் படுகிறது.

ஓய்வு ஆர்மரர்:

உங்களை மட்டும் வைத்துச் சொன்னால் போதும்தான். நீங்கள் படித்தவர், பெட்டியைப் பார்த்து வாங்குவீர்கள். ஆனால் வீட்டில் இருக்கப்போவது யார்? நாளைக்குக் கடையில் 65 இல்லை, 70 தான் இருக்கிறது என்றால் யாராவது வாங்கி வந்து அலமாரியில் வைத்துவிடுவார்கள். உள்ளே போய் உட்காரும் என்று முன்பே சொன்னேன். தோட்டத்துக் காவலுக்கு வைக்கும் துப்பாக்கியில் இந்த மாதிரி நினைவில் வைத்திருக்க வேண்டிய விஷயம் எதுவும் இருக்கக் கூடாது. அதோடு, குழி விழுந்த இடம் சேம்பருக்கு முன்னால் என்கிறீர்கள். அழுத்தம் மிக அதிகமாக இருக்கும் பகுதி அது. சுவர்க் கனத்தை அளக்காமல் நான் சம்மதிக்க மாட்டேன்.

இன்னொன்று. உரிமம் உங்கள் பெயரில். நீங்கள் இல்லாத நேரத்தில் அப்பா எடுத்துச் சுடலாம் என்று எண்ண வேண்டாம். அவருக்கும் தேவை என்றால் அவர் தனியாக மனுக் கொடுக்க வேண்டும். துப்பாக்கி பூட்டிய இரும்புப் பெட்டியில், சாவி உங்களிடம்.

அந்தக் கடையிலேயே உள்நாட்டுப் பழசு ஏதாவது இருக்கிறதா என்று கேட்டீர்களா? 70 சேம்பர், இங்கே ப்ரூஃப் ஆனது, அதிகம் சுடாதது. வங்கிக் காவலர்களும் வயதானவர்களும் விட்டுப்போனது அப்படி நிறைய உண்டு. முதல் வருஷத்துக் கோளாறுகளெல்லாம் வேறொருவர் கையிலேயே தெரிந்து சரியாகியிருக்கும்.

நொய்யல்கரை:

கடை வழியாக இல்லாமல் உரிமதாரரிடம் நேராக வாங்கினால் 5-ஆம் பிரிவை மறக்காதீர்கள். விற்பவர், வாங்குபவர் பெயர், முகவரியோடு கலெக்டருக்கோ பக்கத்து ஸ்டேஷனுக்கோ எழுத்தில் தெரிவித்து, 45 நாள் கழிந்த பிறகுதான் கை மாற்ற வேண்டும். கடிதத்தின் நகலில் சீல் வாங்கி வையுங்கள். பணத்தையும் அதுவரை முழுதாகக் கொடுக்காதீர்கள். உங்கள் உரிமத்தின் கெடுவுக்குள் இந்த 45 நாள் அடங்குமா என்று நாள்காட்டியை வைத்துப் பாருங்கள்.

காங்கேயத்தான்:

இரண்டையும் வாங்கிவிடுங்களேன். சட்டத்தில் இரண்டு வரை வைத்துக்கொள்ளலாம் அல்லவா?

நொய்யல்கரை:

2019 திருத்தத்துக்குப் பிறகு உச்சவரம்பு இரண்டு, அதற்கு முன் மூன்று. ஆனால் அவர் உரிமத்தில் எழுதியிருப்பது ஒன்று. இரண்டாவதுக்கு மறுபடி மனு, மறுபடி விசாரணை. கெடு ஓடிக்கொண்டிருக்கும்போது அது நடக்காது.

அடிவாரத்தான்:

முடிவு செய்துவிட்டேன். ஐயா சொன்னதுபோல் கேட்டதில், ஈரோட்டில் ஓய்வுபெற்ற ஒருவர், 70 தாண்டியவர், பிள்ளைகள் யாருக்கும் வேண்டாம் என்று உள்நாட்டு இரட்டைக்குழலை விற்க இருப்பதாகத் தெரிந்தது. 70 சேம்பர். மெக்கானிக் அளந்து பார்த்துவிட்டார், குழலில் குறை இல்லை, மூன்று இடத்திலும் எண் ஒன்று. விசை கொஞ்சம் கடினம், சத்திக்காரர் சொன்னது உண்மைதான். விலை கடையிலுள்ள புதுசைவிட நன்றாகவே குறைவு. இன்று இருவரும் கையெழுத்துப் போட்டுக் கடிதம் கொடுத்து, நகலில் சீல் வாங்கிவிட்டோம். 45 நாள் கழிந்த பிறகும் கெடுவுக்கு அவகாசம் இருக்கிறது.

பர்மிங்காமைப் பற்றிக் காங்கயம் குடும்பத்தில் பேசினேன். பேரன் ஒருவர் வாரிசு வழியில் மனுக் கொடுக்க ஒத்துக்கொண்டிருக்கிறார். காங்கேயத்தான் அண்ணா, விண்ணப்ப விவரம் அவருக்குச் சொல்ல முடியுமா?

காங்கேயத்தான்:

கண்டிப்பாகச் சொல்கிறேன். இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, மற்ற வாரிசுகளின் சம்மதக் கடிதம், டெபாசிட் ரசீது, பழைய உரிமப் புத்தகம், இவ்வளவையும் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். வெளிநாட்டில் இருப்பவரின் கடிதம்தான் தாமதமாகும், அதை இன்றைக்கே கேட்கச் சொல்லுங்கள்.

ஓய்வு ஆர்மரர்:

விசையை இலகுவாக்குகிறேன் என்று யாரும் அரம் போட விடாதீர்கள் தம்பி. கடினமாக இருப்பது காவல் துப்பாக்கிக்குக் கெடுதல் இல்லை. துப்பாக்கி கைக்கு வந்ததும் உரிமப் பிரிவில் காட்டிப் பதிவு செய்துவிட்டு, தேங்காய் எண்ணெய் இல்லாமல் நல்ல துப்பாக்கி எண்ணெயாக ஒரு புட்டி வாங்கிக்கொள்ளுங்கள்.